பச்சை விளக்கு எரிந்தது, குரல் பதிவாகவில்லை

(ஒலிப்பாடம் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கான பயிலரங்கில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலை அமர்வில் ஒலிப்பாடத்துக்கு எழுத்துப்படி தயாரிப்பது பற்றி அழகாகப் பேசினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பி, திருகு, கணினி என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். தூக்கம் வந்தால் தயங்காமல் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

நான் தமிழாசிரியர். பி.எட். படித்த காலத்தில் எங்களுக்குக் காட்டிய ஒலிக்கருவி ஒரு டேப் ரெக்கார்டர். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பதிவாகும். எனக்குத் தெரிந்த ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் அதோடு முடிந்தது. எனவே இதை ஒரு பொறியாளரின் பேச்சாகக் கேட்க வேண்டாம். பதினோரு பாடங்களைத் தப்பாகப் பதிவு செய்து, ஒரு மாணவனைத் தப்பாக மனப்பாடம் செய்ய வைத்தவள், தப்பு எங்கே நடந்தது என்று பின்னோக்கித் தேடிப் போன கதையாகக் கேளுங்கள்.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் படித்தான். கைப்பேசியில் டாக்பேக்கை ஓடவிட்டு, நம்மைவிட வேகமாகச் செய்தி அனுப்புவான். உரைநடையைத் திரைவாசிப்பானின் குரலில் கேட்டே சமாளித்துவிடுவான். செய்யுள்தான் சிக்கல். இயந்திரக் குரலுக்குச் சீரும் தெரியாது, அடியும் தெரியாது. நிற்க வேண்டிய இடத்தில் ஓடும், ஓட வேண்டிய இடத்தில் நிற்கும். ஒரு நாள் ஆசிரியர் அறைக்கு வந்து, "மிஸ், செய்யுளை மட்டும் நீங்க வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றான்.

முன்னாள் மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அடுத்த மாதமே ஒரு கண்டென்சர் மைக்கும், இரண்டு துளை உள்ள யுஎஸ்பி ஆடியோ இண்டர்ஃபேஸ் ஒன்றும் வாங்கி அனுப்பினார். மென்பொருளுக்குச் செலவில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியை இறக்கிக்கொண்டேன்.

இண்டர்ஃபேஸ் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மைக்கிலிருந்து வரும் மின்னலை மிகச் சிறியது. இந்தப் பெட்டி அதைப் பெருக்குகிறது. பெருக்கியதை ஒரு விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து, அந்த எண்களை யுஎஸ்பி கம்பி வழியாகக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி திருப்பி அனுப்பும் எண்களை மறுபடி ஒலியாக்கி நம் ஹெட்போனுக்குத் தருகிறது. கணினிக்குச் செவியும் வாயும் இதுதான். ஆனால் மடிக்கணினிக்கு ஏற்கெனவே ஒரு செவியும் ஒரு வாயும் உண்டு. திரைக்கு மேலே ஊசி முனை அளவு துளையில் ஒரு மைக், அடியில் ஒரு ஸ்பீக்கர். புதுச் செவி வந்துவிட்டது என்பதற்காகப் பழைய செவி தானாக மூடிக்கொள்ளாது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

கருவியைச் செருகினேன். பேசினேன். கெயின் திருகைச் சுற்றிப் பச்சை விளக்கு அழகாக எரிந்தது. ஹெட்போனில் என் குரல் வானொலி அறிவிப்பாளர் குரல்போலக் கேட்டது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பதினோரு செய்யுள்களை இரண்டு வாரத்தில் முடித்தேன். பதிவைப் போட்டுப் பார்த்தால் மின்விசிறி இரைச்சல் கொஞ்சம் இருந்தது. வகுப்பறை என்றால் விசிறி இருக்கத்தானே செய்யும் என்று, ஆடாசிட்டியில் உள்ள நாய்ஸ் ரிடக்‌ஷனை 24 டெசிபலில் வைத்து ஓட்டினேன். போதவில்லை என்று இன்னொரு முறையும் ஓட்டினேன். இரைச்சல் சுத்தமாகப் போயிற்று. அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வகுப்பில் மனப்பாடப் பகுதி ஒப்பிக்கும் நேரம். அவன் எழுந்து நின்று சொன்னான். ஒரு சீர்கூட மறக்கவில்லை. ஆனால் சில சொற்களின் கடைசி எழுத்தைக் காணோம். 'அன்பு' என்று முடிய வேண்டிய ஓசை 'அன்ப்' என்று அறுந்து நின்றது. 'எழுத்து' என்பது 'எழுத்'தோடு முடிந்தது. அடிக்கு அடி இப்படி. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் திருத்தினேன். அவன் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, "மிஸ், நீங்க அப்படித்தான் சொல்லியிருக்கீங்க" என்றான்.

குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அவனுக்குப் புத்தகம் என்பது என் கோப்புதான். அதில் இல்லாத எழுத்து அவனுக்கு இல்லாத எழுத்து. பொதுத்தேர்வில் அவன் சொல்வதை எழுத ஒருவர் வருவார். இவன் சொல்வதை மட்டும்தான் அவர் எழுத வேண்டும். சிரிப்பு வகுப்போடு போய்விடும், மதிப்பெண் அப்படிப் போகாது.

அன்று மாலை கோப்புகளை எடுத்துக்கொண்டு எங்கள் கணினிப் பயிற்றுநரிடம் போனேன். அவர் ஒரு நிமிடம் கேட்டார். பிறகு மடிக்கணினியைத் திறந்து, "டீச்சர், பேசிக்கிட்டே அந்தப் பெரிய மைக்கோட ஒயரைக் கழட்டுங்க" என்றார். கழற்றினேன். ஆடாசிட்டியின் அளவுமானி ஆடிக்கொண்டே இருந்தது. மூன்று அடி தள்ளி இருந்த மடிக்கணினியின் சொந்த மைக்கில்தான் பதினோரு பாடமும் பதிவாகியிருந்தது. அதனால்தான் அவ்வளவு விசிறி இரைச்சல். அதைப் போக்கத்தான் அவ்வளவு நாய்ஸ் ரிடக்‌ஷன். அது தின்றதுதான் குற்றியலுகரம்.

தமிழாசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: உகரம் ஒரு மாத்திரை. சொல்லின் கடைசியில் வல்லினத்தின் மேல் ஏறி வரும்போது அது அரை மாத்திரையாகக் குறுகும். குறுகுவதோடு தணியவும் செய்யும். மூச்சு முடியும் இடம் அது. மூன்று அடி தள்ளியிருக்கும் மைக்குக்கு அந்த ஓசை விசிறிச் சத்தத்தின் அளவில்தான் போய்ச் சேரும். இரைச்சலை நீக்கச் சொன்னால், இரைச்சல் எவ்வளவு, எழுத்து எவ்வளவு என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டது. என் காதுக்கு அது தெரியவே இல்லை. எனக்குச் செய்யுள் மனப்பாடம். விட்டுப்போனதை என் மனம் நிரப்பிக்கொண்டது.

அப்படியானால் பச்சை விளக்கு ஏன் எரிந்தது? ஹெட்போனில் நல்ல குரல் எப்படிக் கேட்டது? இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பச்சை விளக்கு, மைக்கிலிருந்து பெட்டிக்குள் ஒலி வந்துவிட்டது என்று மட்டும் சொல்லும். பெட்டியிலிருந்து மென்பொருள் அதை எடுத்துக்கொள்கிறதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. ஹெட்போனில் கேட்டது டைரக்ட் மானிட்டர். அதாவது பெட்டி தன் உள்ளேயே மைக் ஒலியைத் திருப்பி ஹெட்போனுக்கு அனுப்புகிறது. குரல் கணினிக்குள் போகவே இல்லை. வாசலில் நின்று பேசியவர் குரலைக் கேட்டுவிட்டு, அவர் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

சரி, இப்போது சரியாக அமைக்கும் முறைக்கு வருகிறேன். குரல் போகும் வழியிலேயே நாமும் போவோம்.

முதலில் மைக்கும் கம்பியும். நம் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு ஒரு மைக் இருக்கும். அது பெரும்பாலும் டைனமிக் மைக். தாராளமாகப் பயன்படுத்தலாம், இரைச்சலான அறைக்கு அதுதான் நல்லதும்கூட. ஆனால் அதன் கம்பியின் மறுமுனையில் ஆம்ப்ளிஃபயருக்கான பெரிய ஒற்றை ஜாக் இருக்கும். அதை இண்டர்ஃபேஸின் நடுத்துளையில் செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். நடுத்துளை கிதார், கீபோர்டு போன்றவற்றுக்கானது. மைக்கைப் பெருக்கும் பகுதி மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். துளைக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு பக்கமும் மூன்று முனை உள்ள கம்பி ஒன்றை வாங்குங்கள். அதற்குமேல் செலவு வேண்டாம். கண்டென்சர் மைக்காக இருந்தால் 48 வோல்ட் என்று எழுதிய பொத்தானை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் மைக் ஊமை. அழுத்துமுன் ஹெட்போன் திருகைக் குறைத்துவிடுங்கள். 'டப்' என்ற சத்தம் காதுக்கு நல்லதல்ல. டைனமிக் மைக்குக்கு அந்தப் பொத்தான் தேவையில்லை.

அடுத்தது யுஎஸ்பி. விண்டோஸ் கணினி என்றால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை முதலில் நிறுவிவிட்டுப் பிறகு கருவியைச் செருகுவது நல்லது. லினக்ஸ் ஓடும் பள்ளிக் கணினிகளில் இப்படிப்பட்ட கருவிகள் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே வேலை செய்துவிடும். எதுவானாலும் கணினியின் சொந்தத் துளையில் நேராகச் செருகுங்கள். ஒரே ஹப்பில் மவுஸ், பென் டிரைவ், இண்டர்ஃபேஸ் என்று மூன்றையும் தொங்கவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது மென்பொருள். ஒரு சின்ன ஒழுங்கு உண்டு: கருவியைச் செருகிய பிறகுதான் ஆடாசிட்டியைத் திறக்க வேண்டும். திறக்கும்போது இருந்த கருவிகளைத்தான் அது அறியும். மாற்றிச் செய்துவிட்டால் ஆடியோ செட்டப் என்ற பொத்தானுக்குள் 'ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்' என்று இருக்கும், அதை அழுத்தினால் மறுபடி தேடிப் பார்க்கும். அதே பொத்தானுக்குள்தான் ரெக்கார்டிங் டிவைஸ் என்ற தேர்வும் இருக்கிறது. நான் அங்கே என்ன செய்தேன் தெரியுமா? 'மைக்ரோபோன்' என்று எதில் எழுதியிருக்கிறதோ அதைத் தேர்ந்தேன். நியாயம்தானே? நான் பேசுவது மைக்கில். ஆனால் அந்தப் பெயர் மடிக்கணினியின் சொந்த மைக்குக்கு உரியது. எங்கள் இண்டர்ஃபேஸ் 'அனலாக் 1 பிளஸ் 2' என்ற பெயரில் பட்டியலில் கீழே நின்றுகொண்டிருந்தது. வேறு சில கருவிகள் 'லைன்' என்ற பெயரில் வரும். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பதிவை ஓடவிட்டு, மைக்கின் வலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். திரையில் உள்ள அளவுமானி துள்ள வேண்டும். பிறகு மடிக்கணினித் திரையின் மேல்விளிம்பைச் சுரண்டுங்கள். அளவுமானி துள்ளக் கூடாது. பத்து விநாடி வேலை. இதைச் செய்யாததால் எனக்குப் பதினோரு பாடம் போயிற்று.

அளவுமானி எதற்குமே அசையவில்லை என்றால் விண்டோஸின் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், மைக்ரோபோன் என்ற தலைப்பின் கீழ், டெஸ்க்டாப் செயலிகளுக்கு அனுமதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸுக்கு நம் இண்டர்ஃபேஸும் ஒரு மைக்தான். அங்கே மூடியிருந்தால் இங்கே எதைத் திருகினாலும் பயனில்லை.

சாம்பிள் ரேட் என்ற ஒன்று பலரைப் பயமுறுத்துகிறது. நான் முன்பு சொன்ன, விநாடிக்கு எத்தனை முறை அளப்பது என்ற எண்தான் அது. 44,100 வைத்தாலும் 48,000 வைத்தாலும் பேச்சுக்குத் தாராளம். அளக்கும் எண்ணில் பாதி அதிர்வெண் வரைதான் பதிவாகும். 48,000இல் பாதி 24,000. மனிதக் காது எட்டுவது ஏறத்தாழ 20,000 வரை. ஆகவே பெரிய எண்ணைத் தேடி ஓட வேண்டாம். எல்லா இடத்திலும் ஒரே எண் இருப்பதுதான் முக்கியம். விண்டோஸின் சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் ரெக்கார்டிங் பகுதிக்குப் போய், கருவியின் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு என்ற இடத்தில் ஒரு எண் இருக்கும். பிளேபேக் பகுதியிலும் அதேபோல ஒன்று. ஆடாசிட்டியின் பிராஜெக்ட் ரேட் மூன்றாவது. மூன்றையும் 48,000 என்று வைத்துவிடுங்கள். பொருந்தாமல் போனால் சில சமயம் 'மைனஸ் 9997' என்று ஒரு பிழை எண் வரும். சாம்பிள் ரேட் ஒத்துவரவில்லை என்பதே அதன் பொருள். 'மைனஸ் 9998' வந்தால் சேனல் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. இந்த இரண்டையும் நான் ஒரு சீட்டில் எழுதி மடிக்கணினியின் மூடியில் ஒட்டியிருக்கிறேன்.

சேனல் என்றதும் என் இரண்டாவது தப்பு நினைவுக்கு வருகிறது. சரியான கருவியைத் தேர்ந்து, பதினோரு செய்யுளையும் மறுபடி வாசித்தேன். குரல் தெளிவு. விசிறியை நிறுத்திவிட்டு வாசித்ததால் வியர்வை மட்டும்தான் மிச்சம். பெருமையோடு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "மிஸ், ஃபைல் எல்லாம் காலியா இருக்கு." திரும்பப் போட்டுப் பார்த்தேன். எனக்கு நன்றாகக் கேட்டது. மறுநாள் அவன் எதிரிலேயே அவன் கைப்பேசியில் போட்டுக் கேட்டபோதுதான் புரிந்தது. அவன் எப்போதும் வலது காதில் மட்டும்தான் இயர்போன் மாட்டுவான். பேருந்து வருவதும், ஆள் வருவதும், சைக்கிள் மணியும் இடது காதுக்கு. அந்தக் காதை அவன் யாருக்கும் எதற்கும் கொடுக்க மாட்டான்.

நான் ஸ்டீரியோவில் பதிவு செய்திருந்தேன். இரண்டு துளை இண்டர்ஃபேஸில் ஸ்டீரியோ என்றால் முதல் துளை இடப்பக்கம், இரண்டாவது துளை வலப்பக்கம். மைக் முதல் துளையில் இருந்தது. ஆகவே செய்யுள் முழுவதும் இடது காதுக்கு, வலது காதுக்கு வெறும் மௌனம். இரண்டு காதிலும் மாட்டிக் கேட்ட எனக்கு ஏதோ ஒரு பக்கமாக இருக்கிறது என்று தோன்றியது. அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு காதில் கேட்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். இயர்போனில் ஒரு பக்கம் பழுதான பிள்ளைகள் எத்தனை பேர், அண்ணன் ஒரு பக்கம் தங்கை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு கேட்கும் வீடுகள் எத்தனை, யோசித்துப் பாருங்கள்.

இந்த முறை மறுபடி வாசிக்க வேண்டியிருக்கவில்லை. தடத்தின் பெயரை அழுத்தி 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' என்பதைத் தேர்ந்தால் இரண்டு தடமாகப் பிரியும். வெறும் தடத்தை நீக்கிவிட்டால் மீதி ஒன்று இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும். வாசிப்புப் பாடத்துக்கு இனி நீங்கள் முதலிலேயே ரெக்கார்டிங் சேனல் என்ற இடத்தில் மோனோ என்று வைத்துக்கொள்ளுங்கள், மைக்கை முதல் துளையில் செருகுங்கள். சில மாதிரிகளில் மைக் துளை இரண்டாவதாக இருக்கும். அப்படியானால் ஸ்டீரியோவிலேயே பதிவு செய்து, பிறகு நான் சொன்னபடி பிரித்துக்கொள்ளலாம்.

கெயின் பற்றி. கெயின் ஒலியைக் கூட்டும் திருகு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது எவ்வளவு பெருக்கி அளப்பது என்று சொல்லும் திருகு. டிஜிட்டல் பதிவில் மேல் எல்லை பூஜ்யம் டெசிபல். அதற்கு மேலே எதுவும் இல்லை. அலையின் உச்சி அங்கே மோதினால் தட்டையாக வெட்டப்படும். வெட்டப்பட்டதை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்காது. குறைவாகப் பதிவானதைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். ஆகவே பாடத்திலேயே உரத்து வாசிக்கும் அடியை உண்மையான உணர்ச்சியோடு வாசித்துப் பார்த்து, அளவுமானியின் உச்சி மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில் நிற்கும்படி வையுங்கள். 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' என்று முணுமுணுத்து வைத்த கெயின், வீரச்சுவைப் பாடலில் சிவப்பைத் தொடும். விண்டோஸ் தன் பங்குக்கு ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்ற பெயரில் ஒலியை மெருகேற்ற வந்தால் அணைத்துவிடுங்கள்.

கண்டென்சர் மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம். டைனமிக் என்றால் நான்கு விரற்கடை போதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் பகரத்தின் காற்று மோதாது. தூரத்தைக் குறைத்தாலே விசிறிச் சத்தத்தில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இன்று நான் நாய்ஸ் ரிடக்‌ஷனை 6 டெசிபலுக்கு மேல் வைப்பதில்லை. பல பாடங்களில் அதைத் தொடுவதே இல்லை. எங்கள் நூலகத்தில்தான் பதிவு. புத்தக அலமாரிகள் எதிரொலியை வாங்கிக்கொள்கின்றன. நாலரை மணிக்கு மேல் போனால் பிள்ளைகள் சத்தம் இல்லை, காக்கைகள் மட்டும்தான். காக்கைக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் வேலை செய்யாது, கத்தி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு மெல்லிய 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் அடியில் ஓடினால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள். நம் சுவர் பிளக்குகளில் எர்த் சரியில்லாத இடங்களில் இது அடிக்கடி வரும்.

ஹப் விஷயத்துக்கு வருகிறேன். அளந்த எண்கள் ஒவ்வொன்றாகக் கணினிக்குப் போவதில்லை, குடம் குடமாகப் போகின்றன. அந்தக் குடத்தின் பெயர் பஃபர். 48,000 வேகத்தில் 256 அளவுகள் பிடிக்கும் குடம் சுமார் 5 மில்லிவிநாடியில் நிரம்பும். 1024 பிடிக்கும் குடம் நிரம்ப சுமார் 21 மில்லிவிநாடி. குடம் நிரம்பியதும் கணினி வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். குழாயடியில் சின்னக் குடத்தை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் என்ன ஆகும்? தண்ணீர் வழியும். இங்கே வழிந்து போவது ஓசை. கணினி பின்னால் அப்டேட் இறக்கிக்கொண்டிருந்தாலும், அதே ஹப்பில் பென் டிரைவ் எழுதிக்கொண்டிருந்தாலும் குடத்தை எடுக்கத் தாமதமாகும். பதிவில் 'டிக்' என்று ஒரு சத்தமும், அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளமும் வரும். ஆடாசிட்டி நல்ல பிள்ளை. பதிவில் ஓசை தொலைந்ததை அது கண்டுகொண்டால், 'டிராப்அவுட்' என்று சொல்லி அந்த இடங்களில் குறிச்சீட்டும் வைக்கும். அந்த எச்சரிக்கையை 'ஓகே' கொடுத்துக் கடந்துபோகாதீர்கள். அரை மாத்திரை எழுத்துகள் உள்ள மொழியில் தொலைவது சின்ன ஓசை என்று விட முடியாது.

சின்னக் குடம் யாருக்கு வேண்டும் என்றால், கணினி வழியாகத் தன் குரலை உடனுக்குடன் கேட்டுக்கொண்டு பாடுபவருக்கு. பெரிய குடமானால் குரல் தாமதமாகக் காதுக்கு வரும். திருவிழாவில் பக்கத்துத் தெருக் குழாய் ஒலிபெருக்கியிலிருந்து பாட்டு ஒரு நொடி தள்ளிக் கேட்குமே, அப்படி. தன் குரலையே அப்படித் தள்ளிக் கேட்டால் யாருக்கும் நாக்கு தடுமாறும். பாடம் வாசிக்கும் நமக்கு அந்தத் தொல்லை வேண்டாம். ஆடாசிட்டியில் சாஃப்ட்வேர் பிளேத்ரூ என்பதை அணைத்துவிட்டு, கருவியின் டைரக்ட் மானிட்டரிலேயே கேளுங்கள். என்னை ஏமாற்றிய அதே டைரக்ட் மானிட்டர்தான். அதன் குணம் தெரிந்துவிட்டால் நல்ல துணை. பஃபரை ஆடாசிட்டி தரும் 100 மில்லிவிநாடியிலேயே விட்டுவிடலாம். வகுப்புக்கான பாட்டுக்குத் தாளம் ஒரு தடம், குரல் ஒரு தடம் என்று அடுக்கிப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் ஏஎஸ்ஐஓ டிரைவரோடு ஓடும் ரீப்பர் போன்ற மென்பொருளுக்குப் போய், கருவியின் சொந்தப் பலகையில் பஃபரைக் குறைத்துக்கொள்ளலாம். நான் தரவிறக்கிய ஆடாசிட்டியில் ஏஎஸ்ஐஓ வரவில்லை. எங்கள் இசை ஆசிரியர் அப்படித்தான் செய்கிறார், எனக்கு அதில் பொறுமை இல்லை.

முடிந்ததும் கோப்பு. பதிவின் மூலத்தை டபிள்யூஏவி வடிவில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு எம்பி3 மோனோ, 64 கேபிபிஎஸ்ஸில் அனுப்புகிறேன். ஒரு நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் குறைவு. பத்து நிமிடப் பாடம் ஐந்து எம்பிக்குள் அடங்கும். கோப்பின் பெயரை அவன்தான் திருத்தினான். நான் 'நியூ ரெக்கார்டிங் ஃபைனல் 2' என்று வைத்திருந்தேன். டாக்பேக் அதைப் பதினோரு முறை அப்படியே படித்துக் காட்டினால் எதைத் திறப்பான்? இப்போது 'இயல் 3 செய்யுள் 1' என்று தமிழில் தொடங்குகிறது. பாடத்தின் முதல் வார்த்தைக்கு முன் ஒரு விநாடி மௌனம் விடுங்கள் என்றும் கேட்டான். திரைவாசிப்பான் கோப்பின் பெயரைச் சொல்லி முடிக்குமுன் என் குரல் தொடங்கிவிடுகிறதாம்.

மூன்றாவது முறை அனுப்பியதைத் திருத்த அவனுக்கு ஒரு வாரம் ஆயிற்று. கற்பதைவிட, தப்பாகக் கற்றதை மறப்பது கடினம் என்று நாம் எல்லோரும் வகுப்பில் பார்த்திருக்கிறோம். மறுபடி ஒப்பித்தபோது ஒவ்வொரு உகரத்தையும் வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திச் சொன்னான். எனக்காகத்தான் என்று தெரியும். அதற்குப் பிறகு எந்தப் பாடத்தையும் அவன் கேட்டுச் சரி என்று சொல்லாமல் மற்றப் பிள்ளைகளுக்கு அனுப்பியதில்லை. அவன் பதினொன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். "மிஸ், மூணாவது நிமிஷத்துல நாற்காலி கிரீச்சுங்குது" என்று பதில் வரும். நான்கு முறை கேட்டும் என் காதுக்கு அது எட்டாது. ஆனால் இருக்கும்.

மேசைமேல் எங்கள் பள்ளிக் கருவியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். உங்கள் மடிக்கணினிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே இருக்கும் கணினிகளில் ஒன்றில் நான் வேண்டுமென்றே தப்பான மைக்கைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். எதில் என்று சொல்ல மாட்டேன். முதலில் வாசிக்க யார் வருகிறீர்கள்? நீங்களா ஐயா? வாருங்கள், விசிறியை மட்டும் நிறுத்திவிட்டு வாருங்கள்.